“தண்ணீர் செல்ஃப்”: வடக்கிலிருந்து வந்தவர்களுக்குத் தெற்கில் எது கடினம்?

கேள்வி இதுதான்: வடகொரியாவிலிருந்து தப்பி வருகிறவர்களுக்குத் தென்கொரிய அரசு வீடு, பணம், குடியுரிமை எல்லாம் தருகிறது, அப்படியிருந்தும் சிலர் திரும்பிப் போய்விடுகிறார்களாமே, சுதந்திரம் அவர்களுக்கு ஒத்துவரவில்லையா? நாளைக்கே எல்லை திறந்தால் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்களா? பார்க்க இரண்டு கேள்வி போல இருந்தாலும், உத்தரவுக்குப் பழகியவரால் உத்தரவில்லாத இடத்தில் வாழ முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும், பெரும்பாலோர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைத் திணறடிப்பது சுதந்திரம் அல்ல. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளுக்கு இங்கே மதிப்பில்லாமல் போவதும், விட்டுவிட்டு வந்தவர்களின் பாரமும்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இடம்பெயர்ந்தோர் பற்றிய சமூகவியல் ஆராய்ச்சிக்காகச் சியோலுக்குப் போனவன் நான். ஆராய்ச்சியைவிட, அங்கே சனிக்கிழமைதோறும் வடக்கிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏழு வருஷங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தன. ஆனால் ஒரு எச்சரிக்கை. விடுமுறை நாள் காலையில் எழுந்து குளித்து ஆங்கிலம் படிக்க வருகிறவர் என்றால், அவர் ஏற்கெனவே ஓரளவு கால் ஊன்றியவர். நொறுங்கிப்போனவர்கள் என் வகுப்புக்கு வந்ததில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். சீன எல்லையை ஒட்டிய வட ஹம்கியோங், ரியாங்காங் மாகாணத்துக்காரர்கள். பியோங்யாங் பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கேள்விஞானம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். இதுவரை தெற்குக்கு வந்து சேர்ந்தவர்கள் 34,000 பேருக்குச் சற்று அதிகம். பத்தில் ஏழு பேர் பெண்கள். 2009-ல் ஒரே ஆண்டில் 2,914 பேர் வந்தார்கள், அதுதான் உச்சம். கிம் ஜோங் உன் பதவிக்கு வந்தபின் எல்லைக் காவல் இறுகி, ஆண்டுக்கு 1,500 என்ற அளவுக்குக் குறைந்தது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி எல்லையை மூடிய பிறகு, 2021-ல் வந்தவர்கள் வெறும் 63 பேர். 2023-ல் 196, 2024-ல் 236. இவர்களில் வடக்குக்கே திரும்பிப் போனதாகத் தென்கொரிய அரசு உறுதிசெய்திருப்பது 2012-லிருந்து பத்தாண்டுகளில் சுமார் 30 பேரை. ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேறாது. சீனாவுக்குப் போய் அங்கிருந்து சத்தமில்லாமல் எல்லை தாண்டியவர்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம். அதையும் சேர்த்துக்கொண்டாலும் திரும்பிப் போவது அரிதான சங்கதிதான். செய்தியாகிறது என்பதால் பெரிதாகத் தெரிகிறது.

2023-ல் நடந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 79 சதவீதம் பேர் தெற்கு வாழ்க்கையில் திருப்தி என்று சொன்னார்கள். இந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். கேட்பது அரசு சார்ந்த அமைப்பு. பதில் சொல்கிறவர்களோ, அதிகாரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சிறு வயதிலிருந்தே பயின்றவர்கள். ஆனாலும் அதே கணக்கெடுப்புகளில், அதிருப்திக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு வருஷா வருஷம் முன்னால் வந்து நிற்கும் பதில் ஒன்று உண்டு: குடும்பத்தைப் பிரிந்திருப்பது. அதை நான் அப்படியே நம்புகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அரசு தருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தென்கொரிய அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கொரியத் தீபகற்பம் முழுவதையும் தன் நிலமாகச் சொல்கிறது. ஆகவே வருகிறவர் அகதி அல்ல, பிறப்பிலேயே குடிமகன். வந்ததும் உளவுத்துறை விசாரணை, அதிகபட்சம் 90 நாள். பிறகு ஆன்சொங் நகருக்குப் பக்கத்தில் 1999-ல் தொடங்கிய ஹானாவொன் என்ற மையத்தில் 12 வாரப் பயிற்சி: வங்கிக் கணக்கு, சுரங்க ரயில், கணினி, சட்டம், உடல் மற்றும் மன நலம். வெளியே வரும்போது அரசு வாடகைக் குடியிருப்பில் ஒரு வீடு, குடியேற்றத் தொகை, ஐந்து வருஷத்துக்கு ஒரு பாதுகாப்புப் போலீஸ்காரர். தனி ஆளுக்கு 2024-ல் குடியேற்றத் தொகை ஒரு கோடி வொன். அடுத்த ஆண்டு ஒன்றரைக் கோடி ஆனது. கோடி என்றதும் மயங்க வேண்டாம். தென்கொரியாவில் மாதச் சராசரிச் சம்பளமே 30 லட்சம் வொன் பக்கம். ஒரு கோடி என்பது மூன்றே கால் மாதச் சம்பளம், அதுவும் தவணையாக. முன்பு ரொக்கமாக அதிகம் கொடுத்தார்கள். தப்ப வைத்த தரகர்கள் வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டு போனதால், 2005 வாக்கில் ரொக்கத்தைக் குறைத்து, வேலைக்கும் பயிற்சிக்கும் போனால் ஊக்கத்தொகை என்று மாற்றினார்கள்.

இனி அந்தப் பிரபலமான கதைக்கு வருவோம். வடக்கிலிருந்து வந்தவர் பெரிய கடைக்குள் போகிறார், முப்பது வகை ஷாம்பூவைப் பார்த்துத் தலை சுற்றி நிற்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் அழுகிறார். பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். நடந்திருக்காது என்று சொல்லவில்லை. என் வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது ஒரு அம்மாள் சிரித்தார்: “ரெண்டு நாள் தலை சுத்தும், சொன்செங்நிம். மூணாவது நாள் விலையைப் பார்க்க ஆரம்பிச்சிடுவோம்.” சொன்செங்நிம் என்றால் ஆசிரியர்.

ஏன் மூன்றே நாள் போதும் என்பதைப் புரிந்துகொள்ள 1990-களின் பஞ்சத்துக்குப் போக வேண்டும். அரசு ரேஷன் நின்றுபோனது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பிழைத்தது ஜாங்மாதாங் எனப்படும் சந்தைகளால். ஆண்கள் சம்பளமே இல்லாவிட்டாலும் ஒதுக்கப்பட்ட வேலையிடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் தளர்வு. ஆகவே தெருவில் உட்கார்ந்து வியாபாரம் செய்தது அவர்கள். எல்லை வரை போனதும், கண்காணிப்பிலிருந்து நழுவியதும் அவர்களே. வந்தவர்களில் பெண்கள் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். சீனக் கிராமங்களில் மணப்பெண்ணாக விற்கப்பட்டது இன்னொன்று. ஆக, தெற்குக்கு வந்து சேர்கிற பெண் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாதவள் அல்ல. எந்த அதிகாரிக்கு எவ்வளவு, எந்தச் சரக்கு எந்த மாதம் விலை ஏறும், யாரிடம் கடன் சொல்லலாம் என்று எல்லாம் தலைக்குள் கணக்கு வைத்திருந்தவள். சீன எல்லையில் ஓடும் ஆற்றைக் கடப்பதைவிடப் பெரிய சொந்த முடிவு வேறு என்ன இருக்கிறது?

சிக்கல் என்னவென்றால், அந்தத் திறமை தெற்கில் செல்லாக்காசு. எல்லை ஊரான ஹேசானில் சீனத் துணி விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருவர் என்னிடம் சொன்னார்: “அங்க யாரைப் பார்த்தா காரியம் நடக்கும்னு தெரியும். இங்க யாரைப் பார்த்தாலும் படிவத்தைத்தான் நீட்டுறாங்க.” அங்கே காகிதம் சம்பிரதாயம், ஆள்தான் முக்கியம். இங்கே ஆள் சிரித்துப் பேசுவார், ஆனால் கட்டிப்போடுவது காகிதம். வந்த முதல் வருஷத்திலேயே இவர் மூன்று கைப்பேசி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைக்காரர் அன்பாகப் பேசினார், இலவசம் என்றார், போட்டுவிட்டார். இரண்டு வருஷம் கட்டினார். புதிதாக வந்தவர்களைக் குறிவைக்கும் சங்கிலி விற்பனைக்காரர்களிடம் சிக்கியவர்களும் உண்டு. வலைவீசுகிறவர் சில சமயம் முன்னாலேயே வந்த சொந்த ஊர்க்காரர்.

அப்புறம் மொழி. ஒரே கொரிய மொழிதானே என்று நினைப்போம். நானும் நினைத்தேன். தென்கொரியச் சாப்பாட்டுக் கடைகளில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும்: “தண்ணீர் செல்ஃப்”. அதாவது தண்ணீரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொரிய எழுத்தில்தான் எழுதியிருக்கும். வடக்கிலிருந்து வந்தவர் எழுத்துக் கூட்டித் தெளிவாகப் படிப்பார்: செல்-ஃப். படித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பார், தண்ணீர் வரும் என்று. என் வகுப்பில் இருந்த ஒருவர் முதல் ஆறு மாதம் வெளியில் சாப்பிடும்போது தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறார். கேட்டால் தன் பேச்சு வழக்கு தெரிந்துவிடும் என்ற பயம். எழுத்து தெரியாவிட்டால் கேட்கலாம். தெரிந்தும் அர்த்தம் புரியாவிட்டால் எப்படிக் கேட்பது? தெற்கத்தியப் பேச்சில் ஆங்கிலம் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. பெரியவர்கள் என் வகுப்புக்கு வந்தது வெளிநாட்டாரோடு பேச அல்ல, தென்கொரியர்களோடு பேச.

ஆங்கிலம் இல்லாத இடத்திலும் பள்ளம் உண்டு. “இல் ஓப்சும்னிதா” என்று ஒரு சொல். வடக்கில் அதற்கு “பரவாயில்லை” என்று அர்த்தம், பணிவான மறுமொழி. தெற்கில் காதில் விழும்போது “எனக்கு ஒன்றும் தேவையில்லை, போங்கள்” என்பது போல ஒலிக்கும். ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் முதலாளியம்மா, மழை பெய்கிறதே, குடை தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் தலை குனிந்து, தனக்குத் தெரிந்த மிக மரியாதையான வார்த்தையில் “இல் ஓப்சும்னிதா” என்றார். அதற்குப் பிறகு முதலாளியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் புரிய மூன்று வாரம் ஆயிற்று. கணவாய் மீனுக்கும் சின்ன ஆக்டோபஸுக்கும் இருபக்கமும் பெயர் மாறிக் கிடக்கிறது. ஒருவர் கேட்டது ஒன்று, தட்டில் வருவது இன்னொன்று. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குடை விஷயத்தை யாரும் சிரித்துச் சொல்வதில்லை. வேலை மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பொறுமை இல்லை என்று தென்கொரிய முதலாளிகள் குறைப்படுவது உண்டு. இதில் எத்தனை பங்கு பொறுமையின்மை, எத்தனை பங்கு குடை என்று யாராவது பிரித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பேச்சு வழக்கை வைத்து யாராவது ஊர் கேட்டால், நிறையப் பேர் கிழக்கே உள்ள காங்வொன் மாகாணம் என்று சொல்லிவிடுவார்கள். சீனக் கொரியர் என்று சொல்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டுக்காரர் என்று நினைத்தாலும் பரவாயில்லை, வடக்கு என்று தெரிய வேண்டாம். இதில் அரசும் ஒரு காலத்தில் தன் பங்குக்குச் சொதப்பியது. குடிமக்கள் பதிவெண்ணின் பின்பாதியில் ஊர்க் குறியீடு இருந்தது. ஹானாவொன்னிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லோருக்கும் ஆன்சொங் ஊரின் குறியீடு. எண்ணைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துபோகும். சீன விசா மறுக்கப்பட்டதும் நடந்தது. பாவம், பிறந்ததிலிருந்தே ஆன்சொங்கில் இருந்தவர்களுக்கும் அதே தலைவலி. 2009-ல் எண்ணை ஒருமுறை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. கூப்பிடும் பெயரிலும் இதே தடுமாற்றம்: “தல்புக்ஜா”, அதாவது வடக்கைவிட்டு ஓடிவந்தவர், என்பது மரியாதைக்குறைவு என்று 2005-ல் “சேதோமின்” என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். புது இடத்து மக்கள் என்று பொருள். வந்தவர்களில் பலருக்கு அது அதைவிடக் கசந்தது, விவசாயம் பண்ண வந்த மாதிரி இருக்கிறதே என்று. சட்டத்தில் இப்போது இருப்பது நீளமான அலுவலகச் சொல். என் மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது “நம்ம ஆளுங்க”.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. வகுப்பில் ஒருநாள், பக்கத்தில் இருப்பவரின் வாக்கியத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றேன். ஆசிரியர்கள் சாதாரணமாகச் செய்கிற பயிற்சிதான். ஐம்பது வயதுள்ள ஒருவர் எழுந்து, கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, முதலில் தன்னுடைய மூன்று குறைகளை வரிசையாகச் சொன்னார்: வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, இரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன், பாடத்தில் கவனம் சிதறியது. பிறகு பக்கத்துப் பெண்ணைக் காட்டி, தோழர் இன்னார் உச்சரிப்பில் அக்கறை காட்டுவதில்லை என்றார். ஒரு நொடி நிசப்தம். அப்புறம் மொத்த வகுப்பும் வெடித்துச் சிரித்தது, அவர் உட்பட. எனக்கு மட்டும்தான் புரியவில்லை. அது “சேங்வால் சோங்வா”: வடக்கில் பள்ளிக் காலம் தொடங்கி வாராவாரம் நடக்கும் சுயவிமரிசனக் கூட்டம். தன் குற்றத்தைச் சொல்லி, பிறகு அடுத்தவர் குற்றத்தைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்களாம், இந்த வாரம் நீ என்னைச் சொல், அடுத்த வாரம் நான் உன்னை, அதுவும் சில்லறைக் குற்றமாக. முப்பது வருஷத்துப் பழக்கம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், கையை விலாவோடு ஒட்ட வைத்தது அதுதான்.

சிரித்து முடிந்தது. ஆனால் வேலைக்கு மனுப்போடும்போது இதே பழக்கம் காலை வாருகிறது. தென்கொரிய நிறுவனங்கள் சுய அறிமுகக் கடிதம் ஒன்று கேட்கும். வளர்ந்த விதம், குணத்தின் நிறைகுறைகள் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும். என் மாணவி ஒருவர் எழுதிக்கொண்டு வந்ததைத் திருத்தப் பார்த்தேன். குறைகள் என்ற இடத்தில் ஐந்து. நிறைகள் என்ற இடம் காலி. “இதை மத்தவங்கதானே சொல்லணும்?” என்றார். வளர்ந்த விதம் என்ற பகுதியோ எட்டுப் பக்கம், தேதி வாரியாக. விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாற்றையே சுருக்கியிருந்தார். பிரித்து உட்கார்ந்து மூன்று சனிக்கிழமை வேலை பார்த்தோம். நிறை என்ற இடத்தில் கடைசியில் “கணக்கு நன்றாக வரும்” என்று மட்டும் எழுத ஒப்புக்கொண்டார்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பு நடுவில் இவருடைய கைப்பேசி சில சமயம் அடிக்கும், எழுந்து ஓடுவார். ஹேசான் பக்கம் மலையில் யாரோ ஒரு தரகர், சீனக் கைப்பேசியில், பக்கத்தில் இவருடைய தங்கை. ஒட்டுக்கேட்கும் கருவிகள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் ஓரிரு நிமிடத்தில் முடிக்க வேண்டும். பணம் எவ்வளவு வேண்டும் என்பதுதான் பேச்சு. அனுப்புகிற பணத்தில் தரகு முப்பது சதவீதம் என்பது நான் அங்கே இருந்த காலத்தில் வழக்கமான கணக்கு. பெருந்தொற்றுக்குப் பிறகு அதைவிட ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள். திரும்பி வந்து புத்தகத்தைத் திறப்பார், ஓரத்தில் பென்சிலால் ஒரு எண்ணை எழுதுவார், அதிலிருந்து முப்பது சதவீதத்தைக் கழிப்பார், பிறகு பாடம். ஒருமுறை மட்டும் திறந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தங்கை அழுதிருக்கிறாள், நிஜமாகவே கஷ்டமா, அல்லது பக்கத்தில் நின்று யாராவது அழச் சொன்னார்களா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தென்கொரியாவில் யாரிடமும் சொல்ல முடியாத சந்தேகம் இது. நல்ல சம்பளத்துக்குப் போனாலும் இது தீர்வதில்லை. சொல்லப்போனால் சம்பளம் ஏற ஏற அந்தக் கைப்பேசி அடிக்கடி அடிக்கும்.

குடும்பத்தைப் பிரிந்திருப்பதுதான் முதல் காரணம் என்ற கணக்கெடுப்புப் பதிலை நான் நம்புவது இதனால்தான். அதோடு சீனாவில் பெற்ற பிள்ளைகள் கதை வேறு இருக்கிறது. சீன ஆண்களிடம் விற்கப்பட்டு, அங்கே பிள்ளை பெற்று, பிறகு தெற்குக்கு வந்து, பிள்ளையைப் பின்னால் வரவழைத்த தாய்மார்கள் ஏராளம். அப்படி வந்த குழந்தைக்குச் சீன மொழிதான் தெரியும். அம்மாவோடு இருந்தது குறைவு. சட்டப்படி அந்தக் குழந்தை வடகொரியாவிலிருந்து வந்தவர் அல்ல, ஆகவே தாய்க்குக் கிடைக்கும் உதவிகளில் பல பிள்ளைக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. இன்றைக்குத் தென்கொரியப் பள்ளிகளில் வடக்குப் பின்னணி மாணவர்கள் என்று எண்ணப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தப் பிள்ளைகள்தான். அடுத்த பத்தாண்டில் பேச்சு இவர்களைப் பற்றித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

வாழ முடியாமல் போனவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2019 ஜூலை கடைசியில், சியோல் குவானாக் பகுதியில் ஒரு குடியிருப்பில் வடக்கிலிருந்து வந்த ஒரு தாயும் ஆறு வயது மகனும் இறந்து கிடந்தார்கள். இறந்து சுமார் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கட்டணம் பாக்கி என்று துண்டிக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைப் பற்றி விசாரிக்க வந்த ஊழியர்தான் கண்டுபிடித்தார். வீட்டில் சாப்பிட மிளகாய்த்தூள் தவிர ஒன்றும் இல்லை. பட்டினியால் செத்தார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள். பிணப் பரிசோதனையில் மரணக் காரணம் உறுதியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரிவது, அவர் 2009-ல் வந்தவர், ஐந்து வருஷப் பாதுகாப்புக் காலம் எப்போதோ முடிந்துபோனவர், அவரைத் தேடி யாரும் வரவில்லை என்பது. தெற்கில் வாழ முடியாமல் போவதற்கு ஆள் வடக்கிலிருந்து வர வேண்டும் என்பதுகூட இல்லை. வளர்ந்த நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக உள்ள நாடு தென்கொரியா. சேர வந்திருப்பது அப்படிப்பட்ட ஒரு ஊருக்கு.

திரும்பிப் போனவர்களைப் பற்றி என்ன சொல்வது? 2022 புத்தாண்டு அன்று கிழக்குப் பகுதியில் வேலியைத் தாண்டி ஒருவர் வடக்கே போனார். அதே எல்லையில், 2020 நவம்பரில் வேலி தாண்டி வந்தவர்தான். முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர், இங்கே துப்புரவு வேலை பார்த்தார், யாரோடும் பழக்கமில்லை என்று செய்திகள் வந்தன. 2020 ஜூலையில் காங்வா தீவிலிருந்து நீந்தி கேசொங்குக்குத் திரும்பியவரோ ஒரு குற்ற வழக்கில் விசாரணையில் இருந்தவர். ஒருவருக்குத் தனிமை, இன்னொருவருக்கு வழக்கு, வேறு சிலருக்கு வடக்கில் மாட்டிக்கொண்ட குடும்பம். திரும்பிப் போய் வடகொரியத் தொலைக்காட்சியில் தெற்கைத் திட்டியவர்கள் உண்டு. அந்தப் பேச்சிலிருந்து காரணத்தைத் தேடுவதில் பயனில்லை, கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அதே தராசை இந்தப் பக்கமும் பிடிக்க வேண்டும். தப்பி வந்தவர்கள் மேடையிலும் தொலைக்காட்சியிலும் சொல்லும் கதைகளுக்குத் தெற்கில் ஒரு சந்தை இருக்கிறது. கொடூரம் கூடினால் வரவேற்பும் கூடும். சிறை முகாமில் வளர்ந்த கதையால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், தான் சொன்ன இடங்களும் தேதிகளும் சிலது சரியல்ல என்று 2015-ல் ஒப்புக்கொண்டார். அதனால் எல்லாமே பொய் என்று தாவுவதும் தப்பு. ஐநா விசாரணைக் குழு 2014-ல் வெளியிட்ட அறிக்கை எண்பதுக்கும் மேற்பட்ட பகிரங்கச் சாட்சிகளையும், 240 ரகசிய நேர்காணல்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து எழுதப்பட்டது. ஒரு ஆளின் கதை ஆடலாம், அத்தனை பேர் சொல்வதில் பொதுவாக வருவது ஆடுவதில்லை. வகுப்பில் நான் ஒரு விதி வைத்திருந்தேன்: எப்படித் தப்பினீர்கள் என்று நானாகக் கேட்பதில்லை. மூன்றாவது வருஷம் வாக்கில் பலர் அவர்களாகச் சொல்வார்கள், பெரும்பாலும் வேறு எதையோ பேசும்போது.

தே யோங் ஹோ போன்றவர்களைக் காட்டி, பாருங்கள் ஜெயிக்கலாமே என்றும் சிலர் எழுதுவார்கள். லண்டனில் வடகொரியத் துணைத் தூதராக இருந்து 2016-ல் தெற்குக்கு வந்தவர், 2020-ல் சியோலின் பணக்காரத் தொகுதியான காங்னாமில் நாடாளுமன்ற உறுப்பினரானார். நல்ல விஷயம்தான். ஆனால் ஆங்கிலம் சரளமாகப் பேசும் ராஜதந்திரியின் பாதை, ஹேசானில் துணி விற்றவருக்கு எதையும் சொல்லித் தருவதில்லை.

கடைசியாக, எல்லை திறந்தால் போய்விடுவார்களா என்ற கேள்வி. இதை ஒரு சூசொக் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை வகுப்பில் கேட்டேன், எதிர்காலத்தில் பேசும் பயிற்சியாக. சூசொக் அன்று முன்னோர் கல்லறைக்குப் போய்ப் படைக்க வேண்டும். போக முடியாதவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இம்ஜின்காக்கில் இருக்கும் பலிபீடத்தில் வடக்கைப் பார்த்து வணங்குவார்கள். போர்க்காலத்தில் பிரிந்து வந்த கிழவர்களுக்காகக் கட்டியது, இப்போது இவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் ஹேசானில் அழகு நிலையம் திறப்பேன் என்றார், பெயரில் “சியோல்” என்று இருந்தால் கூட்டம் அள்ளும் என்று. ஒருவர் போகவே மாட்டேன் என்றார், காரணம் சொல்லவில்லை. நிறை என்ற இடத்தைக் காலியாக விட்ட அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, முடியாமல் கொரியத்தில் கேட்டார்: காலையில் முதல் வண்டிக்குக் கிளம்பினால் அப்பா கல்லறையில் புல்லை வெட்டிவிட்டு ராத்திரிக்குள் சியோல் திரும்ப முடியுமா, திங்கட்கிழமை பையனுக்குப் பரீட்சை இருக்கிறது.